மாடு பால் தரவில்லை, காக்கை பயிரைத் தின்றுவிட்டது: ஸ்டார்டியூ வேலிப் பண்ணைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வீடியோ விளையாட்டு 12 மொழிகளில் கிடைக்கிறது. அதில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. அதனால் நம் மலையகத்துப் பிள்ளைகள் திரையில் ஓடும் ஆங்கில வரிகளைத் தாண்டிவிட்டு, தட்டித் தடவிப் பார்த்துத்தான் இதை விளையாடுகிறார்கள். பயிர் வைக்கும் பகுதி கண்ணுக்கு நேரே நடப்பதால் சீக்கிரம் பிடிபட்டுவிடும். சிக்கல் எல்லாம் மாடு, கோழி, தேனீ, காட்டு விலங்கு என்று வரும்போதுதான். "நேற்று வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு" என்று வந்து நிற்பார்கள். அட்டன், கொட்டகலைப் பக்கம் எந்தப் பிள்ளையிடம் கேட்டாலும் திரும்பத் திரும்ப இதே குறைகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். 2024 மார்ச்சில் கணினிக்கும் அதே வருடம் நவம்பரில் போனுக்கும் வந்த 1.6 பதிப்பை மனதில் வைத்து எழுதியது இது.

அறிகுறிகளுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டு கணக்குப் பார்ப்பது இரவில். நீங்கள் கட்டிலில் படுத்த பிறகுதான் யார் சாப்பிட்டார்கள், யார் பட்டிக்குள் இருக்கிறார்கள், புல் எங்கே பரவியது, காக்கை வந்ததா என்றெல்லாம் பார்த்து, கடைசியில் சேமித்துவைக்கிறது. ஆகவே காலையில் ஒரு குறை தெரிந்தால் அன்றைய காலையைத் துருவிப் பயனில்லை. முந்தைய நாள் படுக்கும்போது பண்ணை எப்படி இருந்தது என்று யோசியுங்கள். கீழே வரும் பெரும்பாலான தீர்வுகள் அங்கேதான் போய் முடியும்.

மாடு பால் கொடுக்கவில்லை

அதிகம் வரும் குறை இதுதான். காரணம் பல என்பதால் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அது கன்றா மாடா என்று பாருங்கள். வாங்கிய கன்று வளர 5 நாள் ஆகும். வீட்டில் மாடு வளர்க்கும் பிள்ளைகள் இங்கே குழம்பிவிடுகிறார்கள். கன்று ஈன்றால்தானே பால் வரும், காளைக்கு எங்கே போவது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் இந்த விளையாட்டில் மாடு வளர்ந்துவிட்டால் போதும், ஈனாமலே தினமும் கறக்கும். காலையும் மாலையும் இரண்டு தடவை கறக்கிற பேச்சும் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். இன்று கறக்காமல் விட்டால் பால் அப்படியே இருக்கும், ஆனால் நாளைக்கு இரட்டிப்பாகாது.

அடுத்து, கையில் பால் வாளி இருக்கிறதா? வெறுங்கையால் தட்டினால் மாட்டைத் தடவிக்கொடுத்ததாகத்தான் ஆகும். வாளி, விலங்குகளை விற்கும் மார்னியின் கடையில் 1,000 கோல்ட் (விளையாட்டுக் காசு). வாளி இருந்தும் கறக்க முடியவில்லை என்றால் பையைத் திறந்து பாருங்கள், இடமில்லாமல் நிறைந்திருக்கும். போனில் விளையாடும்போது அந்த எச்சரிக்கை மின்னி மறைந்துவிடுவதால் பலர் கவனிப்பதில்லை.

இரண்டும் சரி என்றால் தீனிக்கு வாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு என்று சொல்லிவிடலாம் போல, பிழை இங்கேதான் இருக்கிறது. சைலோவில், அதாவது புல்லைச் சேமிக்கும் களஞ்சியத்தில், காய்ந்த புல் நிறைய இருக்கும், மாடு பட்டினியாக இருக்கும். ஏனென்றால் சைலோவில் இருக்கும் புல் தானாகத் தொட்டிக்கு வராது. பட்டிக்குள் சுவரோரம் ஹாப்பர் என்று ஒரு பெட்டி நிற்கும். அதைத் தட்டினால் புல் உங்கள் கைக்கு வரும். அதை எடுத்துப்போய்த் தீனித் தொட்டியில் மாட்டுக்கு ஒரு கட்டு என்று நீங்களே வைக்க வேண்டும். தானாகத் தொட்டி நிரம்புவது மூன்றாம் கட்டமான டீலக்ஸ் பட்டியில் மட்டும்தான். அதற்கு 25,000 கோல்டும் 550 மரமும் 300 கல்லும் வேண்டும், ஆரம்பத்தில் யாரிடமும் இருக்காது.

"அண்ணே, காலையில மறந்துட்டேன், இப்ப ராத்திரி ஒன்பது மணி, வச்சுப் பிரயோசனம் இருக்கா?" என்று ஒரு தம்பி கேட்டான். தாராளமாக இருக்கிறது. மாடு தொட்டிப் புல்லைத் தின்பது நீங்கள் படுத்த பிறகுதான். படுப்பதற்கு முன் எந்த நேரத்தில் வைத்தாலும் அன்றைய கணக்கில் சேரும். வெளியில் பச்சைப் புல் மேய்ந்த மாடு தொட்டிப் புல்லைத் தொடாது, அது மீதியாகவே இருக்கும். அதை வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள், மறுநாளைக்கு ஆகும்.

தீனி வைத்தும் பால் இல்லையா? முந்தைய மாலை பட்டிக் கதவை எப்போது மூடினீர்கள் என்று யோசியுங்கள். மாடு வெளியே நிற்கும்போது மூடியிருந்தால், தொட்டியில் புல் இருந்தும் அதற்கு எட்டியிருக்காது. இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஆடுகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வெள்ளாடு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பால் தரும், செம்மறிக்கு மயிர் வளர 3 நாள் ஆகும். வாத்து இரண்டு நாளைக்கு ஒரு முட்டை, முயல் நான்கு நாளைக்கு ஒரு தடவை. இவை குறையே அல்ல. ஆட்டோ கிராபர் என்ற இயந்திரத்தை வாங்கிப் பட்டிக்குள் வைத்தவர்கள் மாட்டிடம் பால் தேடக் கூடாது. அது காலையிலேயே கறந்து தன் வயிற்றில் வைத்திருக்கும், அதைத் திறந்து எடுங்கள்.

பால் வருகிறது, ஆனால் சின்னப் பால்தான், நட்சத்திரம் இல்லை

இது நட்பையும் மனநிலையையும் பொறுத்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் 5 இதயம், ஒரு இதயத்துக்கு 200 புள்ளி, மொத்தம் 1,000. ஒரு தடவை தடவிக்கொடுத்தால் 15 கூடும், கறந்தால் 5 கூடும், பட்டினி போட்டால் 20 குறையும். தடவாமல் விட்ட நாளும் கொஞ்சம் குறையும். தடவிய பிறகு இன்னொரு தடவை தட்டினால் அதன் இதயங்களையும் அன்றைய மனநிலையையும் காட்டும் பெட்டி திறக்கும். இந்த இரண்டாவது தட்டலைப் பலரும் செய்வதே இல்லை. எந்தக் குறை வந்தாலும் முதலில் திறக்க வேண்டிய பெட்டி அது.

வெளியில் மேயவிடுவது தொட்டித் தீனியைவிட நல்லது. 1.6இல் நீலப் புல் என்று ஒன்று வந்திருக்கிறது, விலங்குகளுக்கு அதில் ஆசை அதிகம், நட்பும் வேகமாகக் கூடும். மாடு கோழி வளர்ப்பதற்காகவே விளையாட்டைத் தொடங்குகிறவர்கள் பண்ணை வகையைத் தேர்ந்தெடுக்கும் திரையில் மெடோலேண்ட்ஸை எடுங்கள். நீலப் புல் அங்கே முதலிலிருந்தே வளரும், கோழிக்கூடும் இரண்டு கோழிகளும் கையோடு வரும். புதிதாகத் தொடங்கும் யாருக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

புல் அறுக்கிறேன், காய்ந்த புல் சேரவே இல்லை

சைலோ கட்டியாகிவிட்டதா? சைலோ இல்லாமல் அறுக்கும் புல் காற்றோடு போய்விடும், பிறகு கட்டினாலும் திரும்பி வராது. கோழிக்கூட்டுக்கும் மாட்டுப்பட்டிக்கும் முன்னால் சைலோவைக் கட்டுங்கள் என்று இதற்காகத்தான் சொல்கிறேன். 100 கோல்ட், 100 கல், 10 களிமண், 5 செப்புக் கட்டி. தச்சர் ரொபினிடம் சொன்னால் 2 நாளில் எழும்பிவிடும். களிமண் மண்வெட்டியால் நிலத்தைக் கொத்தினால் வரும். செப்புக் கட்டிக்கு உலையில் 5 செப்புத் தாதும் ஒரு நிலக்கரியும் போட வேண்டும்.

சைலோ இருக்கிறது என்றால் அதைத் தட்டிப் பாருங்கள். ஒன்று 240தான் கொள்ளும். நிறைந்துவிட்டால் மேற்கொண்டு அறுப்பது வீண். நிறையவில்லை, ஆனாலும் குறைவாகத்தான் சேருகிறது என்றால் அது இயல்பே. தொடக்கத்தில் கிடைக்கும் அரிவாளால் அறுத்தால் பாதிக்குப் பாதிதான் சேரும். தங்க அரிவாளுக்கு அது நூற்றுக்கு 75, இரிடியம் அரிவாளுக்கு முழுவதும். வாளால் வெட்டாதீர்கள், அரிவாளைத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் வீடுகளில் மாட்டுக்கு அன்றன்று ஓடைக்கரையில் அறுத்து, கட்டித் தலையில் சுமந்து வந்து போடுவதுதான் பழக்கம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் விளையாட்டிலும் கண்ணில் பட்ட புல்லையெல்லாம் வழித்து அறுத்துவிடுகிறார்கள். இங்கே புல் பக்கத்துக் கட்டத்துக்குப் பரவித்தான் பெருகும். வேரோடு வழித்தால் பரவ எதுவும் மிஞ்சாது. பிறகு பியரின் கடையில் 100 கோல்ட் கொடுத்துப் புல் விதை வாங்கித்தான் மறுபடி தொடங்க வேண்டும். திட்டுத் திட்டாக விட்டு அறுங்கள். மேய்ச்சல் வெளியில் ஒரு நல்ல உபாயம் உண்டு: புல் இருக்கும் ஒரு கட்டத்தின் மேல் வேலிக் கம்பு ஒன்றை நட்டுவிடுங்கள். அந்தப் புல்லை மாடு தின்ன முடியாது, ஆனால் அது சுற்றிலும் பரவிக்கொண்டே இருக்கும்.

குளிர்காலம் வந்ததும் தீனி தீர்ந்துவிட்டது

நம் ஊரில் நுவரெலியாவில் பனி கொட்டும் காலத்திலும் எங்காவது பச்சை கிடைக்கும். விளையாட்டின் குளிர்காலத்தில் அப்படி இல்லை. 28 நாளும் புல் பரவாது, மாடுகளும் பட்டியை விட்டு இறங்காது. ஒரு உருப்படிக்கு ஒரு நாளைக்கு ஒரு கட்டு. 8 உருப்படி என்றால் 224 கட்டு, ஒரு சைலோ சரியாகத் தாங்கும். 12 உருப்படி என்றால் 336, இரண்டாவது சைலோ இல்லாமல் முடியாது. மாடு, கோழி எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். கோழியும் அதே கட்டைத்தான் தின்கிறது.

இலையுதிர் காலத்தின் கடைசி இரண்டு மூன்று நாளில், திட்டுகளை விட்டு வைக்கும் விதியை மறந்துவிட்டுப் பெரும்பகுதியை அறுத்து சைலோவை நிரப்புங்கள். தீர்ந்த பிறகு மார்னியிடம் வாங்கலாம், ஒரு கட்டு 50 கோல்ட். 4 மாட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் வாங்கினால் 5,600 கோல்ட் ஆகிவிடும், அந்தக் காசுக்கு மாடே வாங்கலாம். அதோடு மார்னி திங்களும் செவ்வாயும் கடை திறப்பதில்லை. ஒவ்வொரு பருவத்தின் முதல் நாளும் திங்கட்கிழமைதான். அதாவது குளிர்காலத்தின் முதல் இரண்டு நாளும் கடை பூட்டியிருக்கும். முதல் நாள் காலையில் சைலோ காலி என்று கண்டுபிடித்தால் புதன் வரை பட்டினிதான்.

பட்டினியால் விலங்கு சாகாது, அந்தப் பயம் வேண்டாம். பால் நிற்கும், நட்பு குறையும், முகம் வாடும். தீனி வைத்தால் மீண்டும் ஏறிவிடும். குளிருக்கு மார்னியிடம் 2,000 கோல்டுக்கு ஹீட்டர் இருக்கிறது. ஒரு பட்டிக்கு ஒன்று போதும்.

கதவு திறந்திருக்கிறது, யாரும் வெளியே வருவதில்லை

மழையா, குளிர்காலமா என்று பாருங்கள். இரண்டிலும் வராது. வெயில் நாள் என்றால் கதவுக்கு நேர் முன்னால் வேலி, பெட்டி, கல் ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால் பொறுங்கள், ஒவ்வொன்றாகத்தான் இறங்கும்.

ஒரு மாட்டைக் காணவில்லை

காலையில் எழுந்தால் ஒரு உருப்படி குறைகிறது. முந்தைய இரவு ஏதோ சத்தம் கேட்டதாகத் திரையில் ஒரு வரி வந்திருக்கும். ஆங்கிலம் என்பதால் தாண்டியிருப்பீர்கள். காட்டு விலங்கு அடித்துவிட்டது.

இது அபூர்வமாகத்தான் நடக்கும், ஆனால் நடப்பதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: விலங்கு வெளியே இருக்கும்போது பட்டிக் கதவு மூடியிருக்க வேண்டும். அந்தி சாய்ந்ததும் கதவை மூடுவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். தேயிலை மலைகளில் சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் இருட்டுவதற்கு முன் நாயையும் ஆட்டையும் உள்ளே சேர்த்துவிடுவார்கள். சேர்த்த பிறகுதான் மூடுவார்கள், அதுதான் முக்கியம். விளையாட்டில் மாடுகள் பட்டிக்குத் திரும்பத் தொடங்குவது மாலை 5 மணிக்குப் பிறகு. 4 மணிக்கே கதவைத் தட்டி மூடிவிட்டு சுரங்கத்துக்குப் போனால் அத்தனையும் இரவு முழுவதும் வெளியேதான் நிற்கும். அடிபடாவிட்டாலும் மனநிலை பாதியாக விழும், தீனியும் கிடைக்காது.

உள்ளே எண்ணிப் பார்க்க நேரமில்லை என்றால் கதவைத் திறந்தே விட்டுவிடுங்கள். திறந்த கதவு இருந்தால் வெளியே நிற்பவை படுக்கும் நேரக் கணக்கில் உள்ளே போய்விடும். நிஜத்தில் யாரும் செய்யத் துணியாததுதான், இங்கே அதுவே பாதுகாப்பு. போன உருப்படி திரும்பாது. அன்றைய நாளை முடிக்காமல் முந்தைய சேமிப்புக்குப் போவது ஒன்றுதான் வழி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பன்றிக்கு 16,000 கோல்ட் கொடுத்தேன், ஒன்றும் தோண்டவில்லை

வளர 10 நாள் ஆகும். வளர்ந்த பிறகு டிரபிள் என்ற நிலத்தடிக் காளானை வெளியில்தான் தோண்டும். மழையிலும் குளிர்காலத்திலும் தோண்டாது. பட்டியைச் சுற்றிக் கல்லும் பெட்டியும் பயிருமாக நெருக்கி வைத்திருந்தால் தோண்ட இடமில்லாமல் போய்விடும். பன்றிக்குக் கொஞ்சம் வெறும் நிலம் விடுங்கள். ஆட்டோ கிராபர் பட்டிக்கு வெளியே கிடக்கும் டிரபிளைப் பொறுக்காது, நீங்கள்தான் பொறுக்க வேண்டும்.

முட்டையை வைத்தேன், குஞ்சு பொரிக்கவில்லை

கூட்டில் இடம் இல்லை. முதல் கூடு 4 பறவை கொள்ளும், இரண்டாவது 8, மூன்றாவது 12. நிறைந்திருந்தால் குஞ்சு வெளியே வராமல் காத்திருக்கும். ஒன்றை விற்றால் அல்லது கூட்டைப் பெரிதாக்கினால் பொரித்துவிடும்.

காக்கை பயிரைத் தின்றுவிட்டது

பயிர் 16க்குக் கீழே இருக்கும் வரை காக்கை எட்டிப் பார்க்காது. அதனால்தான் முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக இருந்து, பாத்தியைப் பெரிதாக்கிய பிறகு திடீரென்று குறை தொடங்குகிறது. ஒவ்வொரு 16 பயிருக்கும் ஒரு காக்கை வரலாம், ஓர் இரவில் அதிகபட்சம் 4. சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று தன்னைச் சுற்றி 8 கட்டம் வரை காக்கும். பொம்மை இருந்தும் தின்றுவிட்டது என்று சொல்பவர்கள் பொம்மையைப் பாத்தியின் ஒரு மூலையில் நட்டிருப்பார்கள், மறு மூலை எல்லைக்கு வெளியே போயிருக்கும். நடுவில் நடுங்கள். செய்முறை விவசாயத் திறன் முதல் படியிலேயே கிடைக்கும்: 50 மரம், 1 நிலக்கரி, 20 நார். கண்ணாடி வீட்டுக்குள் காக்கை வராது, அங்கே பொம்மை வேண்டாம்.

தேன் வருகிறது, ஆனால் விலை போகவில்லை

தேனீக்களை வரவழைப்பதில் எனக்குத் தனி ஆசை, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தேன் பெட்டி 4 நாளைக்கு ஒரு தடவை தேன் தரும். அது எந்தத் தேன் என்பதைப் பெட்டியைச் சுற்றி 5 கட்டத்துக்குள் இருக்கும் பூ முடிவு செய்யும். பூ இல்லையென்றால் காட்டுத் தேன், அடிப்படை விலை 100 கோல்ட். டியூலிப் பூ இருந்தால் 160, பாப்பி இருந்தால் 380, இலையுதிர் காலத்து ஃபேரி ரோஜா இருந்தால் 680. ஒரே ஒரு பூ போதும், அதன் எல்லைக்குள் எத்தனை பெட்டி இருந்தாலும் அத்தனைக்கும் அது பயன்படும்.

குறை வரும் இடம் மூன்று. பூ இன்னும் முழுதாக மலராமல் செடியாக இருக்கலாம். நீங்கள் விதை போட்டு வளர்க்காத, காட்டில் பொறுக்கிய பூவை நம்பியிருக்கலாம், அது கணக்கில் வராது. மூன்றாவதுதான் அதிகம்: பூவைப் பறித்துவிட்டுத் தேனை எடுப்பது. தேனின் வகை நீங்கள் எடுக்கும் அந்த நொடியில்தான் முடிவாகிறது. எனவே பெட்டிகளை எல்லாம் காலி செய்துவிட்டுக் கடைசியில் பூவைத் தொடுங்கள், அல்லது பருவம் முடியும் வரை பறிக்காமலே விடுங்கள். அதிலிருந்து கிடைக்கும் தேன் அந்த ஒரு பூவின் விலையைப் பல மடங்கு தாண்டும். இரவில் நடக்காத கணக்கு இது ஒன்று, அதனால்தான் தனியாக நினைவில் வைக்கச் சொல்கிறேன். குளிர்காலத்தில் தேன் கிடையாது.

காட்டு விலங்குகள் என் பண்ணைக்கு வருவதே இல்லை

எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புதரிலிருந்து ஓடும் முயல், அணில், மரங்கொத்தி, குருவி எல்லாம் காட்சிக்காக மட்டுமே. அவற்றைப் பிடிக்கவோ பழக்கவோ வழி இல்லை, நின்று பார்த்து ரசிக்கலாம்.

வௌவாலை உண்மையாகவே வரவழைக்கலாம். மொத்த வருமானம் 25,000 கோல்ட் தாண்டியதும் ஊர்க்காரர் டிமிட்ரியஸ் வந்து, பண்ணையில் உள்ள குகையில் காளான் வேண்டுமா பழந்தின்னி வௌவால் வேண்டுமா என்று கேட்பார். கேள்வி புரியாமல் கை போன பக்கம் தட்டியவர்கள் பலர், பிறகு மாற்ற முடியாது. வௌவாலை எடுத்தால் குகைத் தரையில் பழம் போட்டுவிட்டுப் போகும். தினமும் போடாது. இரண்டு நாள் ஒன்றும் இல்லை என்றால் அது குறை அல்ல.

1.6இல் ரக்கூன் ஒன்று குடிவரும். சிண்டர்சாப் காட்டில் விழுந்துபோன பெரிய மரத்தின் அடிக்கட்டை இருக்கும், அதைச் சீர்செய்ய 100 வைரமரம் (ஹார்ட்வுட் என்ற கடினமான மரம்) கேட்கும். கொடுத்த மறுநாள் ரக்கூன் குடியேறி, தனக்கு வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கும். நீங்கள் உதவ உதவ அதன் துணையும் குட்டிகளும் சேர்ந்து குடும்பம் பெருகும், துணை ஒரு கடையும் போடும். ஒரு கோரிக்கை முடிந்தால் அடுத்தது உடனே வராது, சில நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். 100 வைரமரம் பெரிய தொகை போலத் தெரியும். எஃகுக் கோடரி வரை உயர்த்திவிட்டால் இரகசியக் காட்டுக்குள் போகலாம். அங்கே 6 அடிக்கட்டை தினமும் முளைக்கும், ஒன்றுக்கு 2 என்று நாளைக்கு 12 கிடைக்கும். அடிக்கட்டையே காட்டில் இல்லை என்றால், விளையாட்டு 1.6க்கு முந்தைய பதிப்பா என்று பாருங்கள். 1.6தான் என்றால் அந்த மரம் இன்னும் விழவில்லை, விளையாடிக்கொண்டே போங்கள்.

கரண்ட் போய்விட்டது, நாள் முழுவதும் செய்தது காணவில்லை

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் மலையில் இடி மழைதான். பாட்டரி செத்த லேப்டாப்பை நேரே பிளக்கில் போட்டு விளையாடும் வீடுகளுக்கு இது பெரிய தலைவலி.

முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். விளையாட்டில் காலை 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரையான ஒரு நாள் நம் கணக்கில் ஏறக்குறைய 14 நிமிடம்தான். கடைசியாகப் படுத்ததற்குப் பிறகு செய்தது மட்டும் போயிருக்கும். இனி வானம் இருட்டினால் இப்படிச் செய்யுங்கள்: விளையாட்டில் எத்தனை மணி என்று பார்க்காமல் தொட்டியில் தீனி இருக்கிறதா, கதவு சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கட்டிலில் படுத்துவிடுங்கள். காலை 10 மணிக்கும் படுக்கலாம். விற்றது எவ்வளவு என்ற கணக்குத் திரை முடிந்து மறுநாள் காலை வரும் வரை கணினியை அணைக்கக் கூடாது.

அந்தச் சில நொடிகளுக்குள் கரண்ட் போனால்தான் உண்மையான ஆபத்து. பண்ணை பட்டியலில் தெரியாது, அல்லது திறக்காமல் நின்றுவிடும். பதறிப் புதுப் பண்ணை தொடங்க வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் ஆப்டேட்டா என்ற சொல்லை ஆங்கில எழுத்தில், முன்னும் பின்னும் ஒரு சதவீதக் குறி வைத்து அடித்து உள்ளே போங்கள். ஸ்டார்டியூவேலி என்ற கோப்புறை, அதற்குள் சேவ்ஸ், அதற்குள் உங்கள் விவசாயியின் பெயரும் ஒரு நீண்ட எண்ணும் சேர்ந்த கோப்புறை இருக்கும். அதை முழுவதாக நகலெடுத்து டெஸ்க்டாப்பில் வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

உள்ளே நான்கு கோப்புகள் இருக்கும். இரண்டின் பெயர் கடைசியில் ஓல்ட் என்று முடியும், அவை அதற்கு முந்தைய நாளின் சேமிப்பு. ஓல்ட் இல்லாத இரண்டையும் அழித்துவிட்டு, மற்ற இரண்டின் பெயரிலிருந்து ஓல்டையும் அதற்கு முன் இருக்கும் அடிக்கோட்டையும் நீக்குங்கள். எழுத்துப் பிசகாமல் பெயர் மற்றதைப் போலவே இருக்க வேண்டும். இப்போது திறந்தால் ஒரு நாள் பின்னால் போய் பண்ணை நிற்கும். காட்டு விலங்கு அடித்த மாட்டை மீட்பதற்கும் இதே வழிதான், ஆனால் அதைப் பார்த்த அன்றைக்கே செய்ய வேண்டும். இன்னொரு இரவு படுத்துவிட்டால் ஓல்ட் கோப்பிலும் அந்த மாடு இருக்காது.

ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடை வழியாக விளையாடுகிறவர்களுக்கு, டேட்டா தீர்ந்து ரீலோட் போட்ட பிறகு, இந்தக் கணினியில் உள்ள சேமிப்பா இணையத்தில் உள்ளதா என்று ஒரு கேள்வி வரும். இரண்டுக்கும் பக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கும். பின்னதை, அதாவது கடைசியாக விளையாடிய நேரத்தைக் காட்டுவதை எடுங்கள். மனதில் சந்தேகம் இருந்தால் முதலில் மேலே சொன்ன நகலை எடுத்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

போனில் விளையாடுகிறேன்

அழைப்பு வந்து விளையாட்டு பின்னால் போனால் அது ஓர் அவசரச் சேமிப்பை எடுத்து வைத்துக்கொள்ளும், திரும்பத் திறக்கும்போது அங்கிருந்தே தொடரலாம். ஆனாலும் அதையே நம்பியிருக்காமல் படுத்து முடிப்பது நல்லது. போனில் இடம் போதவில்லை என்று விளையாட்டை அழித்துவிட்டுப் பிறகு ஏற்றினால் பண்ணையும் சேர்ந்து அழிந்துவிடும். படங்களை அழியுங்கள், வீடியோவை அழியுங்கள், இதைத் தொடாதீர்கள். அக்காவின் லேப்டாப்பில் இருக்கும் பண்ணையைத் தம்பியின் போனுக்கு மாற்றும்போது இரண்டிலும் பதிப்பு எண் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1.6இல் திறந்து சேமித்த பண்ணையை 1.5 திறக்காது. பழையதிலிருந்து புதியதற்குப் போகலாம், திரும்பி வர முடியாது.